ரோண்டாவின் நூறு ஷேரும் பக்கத்து அறை வால்ட்டரும்

என்னிடம் பதினோரு டீ-ஷர்ட் இருக்கிறது. எல்லாவற்றிலும் நெஞ்சில் ஒரு பெலிகன் பறவை, அதற்குக் கீழே ஒரு கப்பலின் பெயர். ஒன்றுகூட நான் வாங்கியதில்லை, ஒன்றுகூட என் அளவில்லை. எல்லாம் பக்கத்து வீட்டு ரோண்டா வெக்ஸ்லர் கொண்டுவந்து கொடுத்தவை. எங்கள் ஒன்பதாவது மாடியில் எல்லார் அலமாரியிலும் இதே பெலிகன்தான். குப்பை எடுக்க வரும் ஹெக்டர்கூட அதைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறான்.

"சும்மா கிடைச்சது இர்மா, வெச்சுக்கோ" என்பாள். சும்மாவாம்! அந்தச் சும்மாவுக்காக அவள் எவ்வளவு கொட்டி அழுதாள் என்று இந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் தெரியும், அவளைத் தவிர.

ரோண்டா நியூ ஜெர்சியில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. புருஷன் மார்ட்டி போன பிறகு, வீட்டை விற்றுவிட்டு துறைமுக ஊரான ஃபோர்ட் லாடர்டேலுக்கு வந்து என் பக்கத்து வீட்டை வாங்கினாள். வந்த மாதமே நீச்சல் குளத்துப் பக்கம் யாரோ ஒரு புண்ணியவான் அவள் காதில் ஓதிவிட்டார். பெலிகன் கப்பல் கம்பெனியில் நூறு ஷேர் வைத்திருந்தால், போகிற ஒவ்வொரு பயணத்துக்கும் கம்பெனி கப்பல் காசு தரும். ஒரு வாரப் பயணத்துக்கு நூறு டாலர், இரண்டு வாரத்துக்கு இருநூற்றைம்பது. அதைக் கப்பலுக்குள்தான் செலவழிக்க வேண்டும். மிச்சம் வைத்தால் கம்பெனியே எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் ரோண்டா சரியாக நூறு ஷேர் வாங்கினாள். "இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கியிருக்கலாமே" என்றேன். "நூத்தியோராவது ஷேர் எனக்கு என்ன பண்ணப் போவுது?" என்று கேட்டாள். ஐம்பத்தொரு டாலருக்கு வாங்கிய ஷேர் ஒரு வருஷம் எட்டு டாலருக்கு விழுந்தது. துக்கம் விசாரிப்பது போல நாங்கள் நாலு பேர் கேக் எடுத்துக்கொண்டு போனோம். அவள் உற்சாகமாகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்திருக்கீங்க? ஷேர் விலைதானே இறங்கிச்சு, கப்பல் காசு இறங்கலையே! இப்ப வாங்குறவங்களுக்கு எட்டே டாலர். நீங்களும் வாங்கிப் போடுங்கடி."

வாங்கினோம் என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நான் இன்றுவரை ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. எனக்குக் குளியல் தொட்டியிலேயே தலை சுற்றும்.

சரி, ரோண்டா விஷயத்துக்கு வருகிறேன். அவள் தனியாகப் போகிறவள். கப்பலில் தனி ஆளுக்குப் பாதிக் கட்டணம் கிடையாது. அறை இரண்டு பேருக்கானது, நீ ஒருத்தியாக வந்தால் அது உன் பாடு, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டு என்பார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்கள். ரோண்டா கட்டிவிட்டு, அந்த இரண்டாவது ஆளுக்குச் சேர வேண்டியதையும் வசூல் செய்வாள். தலையணை மேல் வைக்கிற சாக்லேட் இரண்டு வேண்டும். துண்டில் யானை செய்து வைப்பார்களே, அதுவும் இரண்டு வேண்டும். கேப்டன் விருந்தில் இரண்டு கையிலும் கோப்பை. சாப்பாட்டு மேசையில் சிங்கி இறால் இரண்டு தட்டு. "இன்னொருத்தர் எங்க மேடம்?" என்று பரிமாறுகிறவர் கேட்டால், "கட்டணம் கட்டிட்டு வராம இருக்காரு. அது அவரு இஷ்டம்" என்பாள்.

அறையைச் சுத்தம் செய்கிற பாலித் தீவுக்காரர் வயான் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். தினமும் காலையில் கதவைத் தட்டி, "குட் மார்னிங் மேடம்" என்று அவளுக்கும், "குட் மார்னிங் சார்" என்று காலிக் கட்டிலுக்கும் சொல்வார். ரோண்டா அவருக்கு இரண்டு பேர் கணக்கில் டிப்ஸ் வைப்பாள். இதில் யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கப்பல் கரைக்குத் திரும்புகிற கடைசிச் சாயங்காலம்தான் ஷேர்காரர்களுக்குத் திருவிழா. மிச்சக் கப்பல் காசைக் கரைப்பதற்காக அத்தனை பேரும் கப்பல் கடையில் முட்டி மோதுவார்கள். தலையில் முடியே இல்லாதவர் சீப்பு வாங்குவார். என் பதினோரு டீ-ஷர்ட் பிறந்தது அப்படித்தான். ஒரு சென்டைக்கூடக் கம்பெனியிடம் விட்டுவைத்ததில்லை என்பதுதான் ரோண்டாவின் வாழ்நாள் பெருமை.

வால்ட்டர் குபியாக்கை அவள் சந்தித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். கப்பல் ஏறிய முதல் நாள், கப்பல் காசு இன்னும் கணக்கில் ஏறாதவர்கள் வரவேற்பு மேசை முன்னால் வரிசை கட்டுவார்கள். எந்தக் கப்பலிலும் இந்த வரிசை உண்டு. ரோண்டா முதல் ஆள், அவளுக்குப் பின்னால் வால்ட்டர். பஃபலோ ஊரில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கே அரை மணி தூரத்தில் குடியிருப்பவர். பெண்டாட்டி இல்லை, எழுபத்தாறு வயது, நல்ல உயரம். கப்பலில் எங்கே தண்ணீர் ஓடினாலும் காதைத் தீட்டிக் கேட்டு, "வால்வு தேஞ்சுபோச்சு" என்று தீர்ப்புச் சொல்வார்.

"நூறா?" என்று ரோண்டா திரும்பிக் கேட்டிருக்கிறாள்.

"நூறுதான்" என்றாராம் வால்ட்டர்.

"என்ன விலைக்கு வாங்கின?"

"அறுபத்தி ரெண்டு."

"அடப்பாவமே! விக்கலையா?"

"எதுக்கு விக்கணும்? கப்பல் காசு அதேதானே."

ஜாதகம் பொருந்திவிட்டது. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு ரோண்டாவின் எதிர் நாற்காலியில் வால்ட்டர் உட்கார்ந்தார். இரண்டாவது தட்டு இறாலுக்கு முதல்முறையாகச் சாப்பிட ஆள் கிடைத்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஏழு பயணம் போனார்கள். சேர்ந்து என்றா சொன்னேன்? பக்கத்துப் பக்கத்து அறை. அவளும் இரண்டு பேருக்குக் கட்டினாள், அவரும் இரண்டு பேருக்குக் கட்டினார். ஆக, இரண்டு கிழங்களுக்கு நாலு பேர் கட்டணம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் காகிதமும் பேனாவுமாக அவள் சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

"இதோ பாரு ரோண்டா. ஒரே ரூம்ல போனா ஆளுக்கு ஆயிரம் டாலர் மிச்சம்."

"ஒரு ரூமுக்கு ஒரு கப்பல் காசுதான் குடுப்பான். ரெண்டு பேருக்கும் ஷேர் இருந்தாலும் ஒண்ணுதான். நூறு டாலர் போயிடும் இர்மா!"

"ரெண்டாயிரம் வருதுடி!"

"அது வரலை. அது போகாம இருக்குது. போகாம இருக்கிறது மிச்சம். வர வேண்டியது வராமப் போனா நஷ்டம். ரெண்டும் ஒண்ணா?"

நான் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இவள் தனி ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். நீச்சல் குளத்தில் இதைச் சொன்னபோது, ஷேர் வைத்திருக்கிற ஆறு பேரும் "ரோண்டா சொல்றது நியாயந்தானே" என்றார்கள்.

ஒருமுறை அவர்களுக்குக் கிடைத்த இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. வயான் நல்ல மனசோடு அதைத் திறந்துவிட்டார். ரோண்டா பதறிப்போய் வரவேற்பு மேசைக்கு போன் செய்தாள். "நடுக்கதவு திறந்திருந்தா ஒரு ரூமா, ரெண்டு ரூமா?" அந்தப் பெண் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். பதில் வருவதற்குள் ரோண்டா கதவைச் சாத்திப் பூட்டி, பெட்டியை நகர்த்தி அண்டை கொடுத்துவிட்டாள். வால்ட்டர் அந்தப் பக்கம் நின்று, "ரோண்டா, என் செருப்பு உன் பக்கம் இருக்குது" என்றாராம். மீதி நாலு நாளும் மனுஷன் ஷூவோடு திரிந்தார்.

இப்படியே போயிருக்கும். போன மார்ச்சில் வால்ட்டருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடந்தது. குணமாகி வந்த பிறகு ஒருநாள் மதியம், ரோண்டாவின் சமையலறையில் மூன்று பேரும் மீன் சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வால்ட்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரோண்டா, வர்ற ஞாயித்துக்கிழமைக் கப்பல்ல ஒரே ரூம்ல போவோம். நீ சம்மதிச்சா வந்ததும் கல்யாணம்கூடப் பண்ணிக்கலாம். இல்லாட்டியும் பரவாயில்ல. ஏதாவது ஒண்ணு நெனப்பு வந்தா உன்கிட்டச் சொல்லணும்னு தோணுது. அதுக்கு நான் சுவத்தத் தட்ட வேண்டியிருக்கு. நீ குழாய் ரிப்பேர்னு நெனச்சுக்கிற."

நான் ரோண்டாவைப் பார்த்தேன். அவள் சாலட் கிண்ணத்தை மூடினாள்.

"நூறு டாலர் போயிடுமே, வால்ட்டர்."

வால்ட்டர் முகம் சுண்டிப்போனது. என்னைப் பார்த்து, "சாலட் நல்லாருந்துச்சு" என்றார். சாலட் செய்தவள் நானில்லை. தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் ஒரு காகிதம். நூறு ஷேரையும் விற்றுவிட்டிருந்தார்.

"எனக்கு இப்ப கப்பல் காசு கிடையாது. உனக்கு மட்டுந்தான். ஒரே ரூம்ல போனா எதுவும் நஷ்டமில்ல. இப்ப என்ன சொல்ற?"

ரோண்டா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பேருந்துத் தொண்டை திறந்துகொண்டது.

"இருபத்தி நாலுக்கா வித்த? அறுபத்தி ரெண்டுக்கு வாங்கினத இருபத்தி நாலுக்கு வித்தியா? உனக்கு இடுப்புல ஆபரேஷன் பண்ணாங்களா, மூளையிலயா?"

"ரோண்டா, நான் கேட்டது அதில்ல."

"எவனாவது இப்ப விப்பானா? இன்னும் ஆறு மாசம் பொறுத்திருந்தா..."

"நீ என் ரூமுக்கு வராததுக்கு வேற காரணம் இருந்தா அதச் சொல்லு. கேட்டுக்கிறேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வால்ட்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை என் ரூம்ல ஒரு கட்டில் காலியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோண்டா என்ன செய்தாள் தெரியுமா? அதே கப்பலில் தனக்குப் போட்டிருந்த அறையையே ரத்து செய்தாள். இவ்வளவு கிட்டத்தில் ரத்து செய்தால் கட்டின பணத்தில் ஒரு சென்ட் திரும்பாது. நூறு டாலர் போய்விடும் என்று அழுதவள், இரண்டாயிரத்தைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் கட்டிடம் துறைமுக வாய்க்காலின் முனையில் நிற்கிறது. கப்பல்கள் எங்களை உரசுகிற மாதிரிதான் கடலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கப்பல் கிளம்பினால் எல்லா மாடியிலும் ஆட்கள் பால்கனிக்கு வந்து கொடி ஆட்டுவார்கள், மாட்டு மணி அடிப்பார்கள். கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கில் கை ஆட்டுவார்கள். கப்பலும் மூன்று முறை சங்கு ஊதும். யார் யாருக்காக ஆட்டுகிறோம் என்று கேட்காதீர்கள். இங்கே அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோண்டா என் பால்கனிக்கு வந்தாள். கரையிலிருந்து கை ஆட்டுகிற பக்கத்தில் அவள் நின்றதே இல்லை.

"இப்பவாவது சொல்லு, ஏண்டி போகலை?" என்றேன்.



"மார்ட்டி கூட இருபத்தெட்டு வருஷம். நல்லவன்தான். ஆனா ஒரு காப்பி வாங்கினாக்கூட, 'இது இப்ப அவசியமா'ன்னு கேப்பான். ஒரு லிப்ஸ்டிக்குக்குக் கூட பதில் சொல்லணும். அவன் போனப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு, இர்மா. அந்த ரெண்டாவது ஆள் கட்டணம் இருக்கே, அது எவனும் என் பக்கத்துல வந்து கணக்குக் கேக்கக் கூடாதுன்னு நான் குடுத்த வாடகை. கப்பல் காசு எனக்கு ஒரு சாக்கு. அந்தக் கிறுக்கன் அதையும் வித்துட்டான்."

"வால்ட்டர் என்னைக்காவது உன்னை அப்படிக் கேட்டாரா?"

"கேட்டதில்ல. ரூமுக்குள்ள வந்தா கேக்க ஆரம்பிச்சுடுவானோன்னு பயமா இருக்கு."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு அந்த மனுஷன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே! நூறு டாலர் போயிடும்னா சொல்லுவ?"

அப்போது வாய்க்கால் வளைவில் கப்பலின் மூக்கு தெரிந்தது. எல்லா மாடியிலும் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். ரோண்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பித் தேடினாள். பன்னிரண்டு தளத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள், எல்லார் தலையும் வெள்ளை. இதில் ஒரு தலையை எங்கே தேடுவது? சட்டென்று உள்ளே ஓடினாள். எங்கள் மாடியின் தீ ஒத்திகைக்கு நான்தான் பொறுப்பு, அதற்கென்று ஒரு ஒலிபெருக்கிக் குழல் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்துத் தொண்டைக்குக் குழலும் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

"வால்ட்டர்! ஒரே ரூம்ல வர்றேன்! அடுத்த தடவை ஒரே ரூம்! வால்ட்டர்!"

மணிகள் நின்றுவிட்டன. கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒருவர் இரண்டு கையையும் தூக்கி, "சரி!" என்று கத்தினார். அவர் எங்கள் வால்ட்டர் இல்லை. அதற்குக் கீழே இன்னொருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவரும் இல்லை. கப்பலின் நீச்சல் குளத்துப் பக்கம் ஒருவர் முத்தத்தைப் பறக்கவிட்டார், பக்கத்தில் நின்ற அம்மாள் கைப்பையால் அவர் மண்டையில் ஒன்று போட்டாள். எங்கள் வயசு ஆண்களில் எத்தனை வால்ட்டர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எண்ணிப் பார்த்ததில் எட்டு பேர். எங்கள் வால்ட்டரை மட்டும் காணவில்லை.

கப்பல் கடலுக்குப் போய்விட்டது. ரோண்டா குழலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டிருக்காது" என்றாள். "கேட்டிருந்தாலும் பதில் சொல்லப் பிடிக்கலையோ என்னவோ."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் அதைச் சொல்லாமல் பட்டாணி சூப் சூடாக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு ரொட்டி கேட்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ரொட்டி என்னிடம் இருந்தது. அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன். அப்போது போன் அடித்தது. நீளமாக ஏதோ ஒரு எண். கப்பலின் அறையிலிருந்து பேசுகிற போன். ரோண்டா எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி மேசை மேல் வைத்தாள்.

"ரோண்டா, நேத்துக் கத்தினது நீயா?" வால்ட்டர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பின்ன யாரு?"

"நான் அந்தப் பக்கத் தளத்துல நின்னுட்டேன். உங்க பால்கனியப் பாக்க மனசு வரலை. ராத்திரிச் சாப்பாட்டுல எல்லாரும் இதையேதான் பேசினாங்க. ஒரு பொம்பளை ஒலிபெருக்கியில வால்ட்டர்னு கத்திச்சாம். இங்க ஒம்பது வால்ட்டர் இருக்கோம். மத்த எட்டு பேரும் தன்னத்தான்னு சொல்றாங்க. ஒருத்தரோட சம்சாரம் தனி ரூம் கேட்டு வரவேற்பு மேசையில நிக்குது."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலை. நானா இருக்குமோ இல்லையோன்னு தூக்கமே வரலை. அதான் உன்கிட்டயே கேட்டுடலாம்னு..."

"உன்னைத்தான்யா கூப்பிட்டேன், மடையா! எனக்கு வேற எந்த வால்ட்டரைத் தெரியும்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை மட்டும் கேட்டது. ரோண்டாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் பழகிய புத்தி எங்கே போகும்? சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இரு, இரு. கப்பல் போன்லயா பேசுற? உனக்குத்தான் கப்பல் காசு கிடையாதே! நிமிஷத்துக்கு எவ்வளவு?"

"தெரியலை."

"தெரியலையா? எடுக்கறதுக்கு முன்னால கேக்கலையா?"

"கேக்கலை, ரோண்டா."

நான் ரோண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. பிறகு நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"அப்ப வெச்சுடாதே" என்றாள். "பேசு."